மிக அருகில், ஓரளவு அருகில், அவ்வளவு அருகில் இல்லை

இருபத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டவர் கேள்வியக்கா. அத்தனை வருஷத்தில் பதில் சொன்ன ஒருத்தரைப் பார்த்தும் அவர் தலையாட்டியது கிடையாது. அது எங்கள் ஆபீஸ் விதி. கேட்கிறவர் தலையாட்டினால், சொல்கிறவர் 'ஓகோ, இவங்களுக்கு இது பிடிச்சிருக்கு' என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவாராம். சிரிக்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. அச்சடித்ததை அச்சடித்தபடி படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை படிக்கலாம், விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் இந்த விதிகளைப் பயிற்சி நாளன்று கடைப்பிடித்ததோடு சரி. அக்கா மட்டும் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் மகளுக்கு முதல் வேலை கிடைத்தது. அவள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளிக் குதித்து வந்தபோது, அக்காவின் முகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்ததாம். மகள் கேட்டாளாம்: "ஏம்மா, ரொம்ப சந்தோஷமா, ஓரளவு சந்தோஷமா, இல்ல சொல்ல விருப்பமில்லையா?" அக்கா இதை என்னிடம் சொன்னபோதுகூட முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆனால் மூன்று தடவை சொன்னார். அதிலிருந்து எவ்வளவு சந்தோஷம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான் அதே ஆபீசில் எண் தட்டுகிறவன். அக்காவும் அக்காவைப் போன்றவர்களும் வெயிலில் அலைந்து நிரப்பிக்கொண்டு வரும் ஃபாரங்களை, நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு. ரொம்பப் பிடிக்கும் ஒன்று, பிடிக்கவே பிடிக்காது ஐந்து. வாழ்ந்து கெட்டவர், கெட்டு வாழ்ந்தவர் எல்லோரும் என் விரல் வழியாக எண்ணாகிப் போயிருக்கிறார்கள். ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில் 'குறிப்பு' என்று போட்டு மூன்று புள்ளிக் கோடுகள் இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நான் எங்கே தட்டுவது? அதனால் அந்தப் பக்கத்தைத் திருப்புவதையே எப்போதோ விட்டுவிட்டேன். மற்றவர்கள் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். அக்கா மட்டும் மூன்று கோட்டையும் நிரப்புவார் என்பது எனக்குத் தெரியும். என்ன எழுதுகிறார் என்பதுதான் தெரியாது.

எங்கள் ஆபீஸ் அளப்பது கட்சிப் பிடிப்பை. யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்பது ரொம்பச் சில்லறை வேலை என்பார் புரொபசர். அவர்தான் எங்கள் தலைவர். முன்பு கல்லூரியில் பாடம் நடத்தியவர், இப்போது எங்களுக்கு நடத்துகிறார். "ஓட்டு இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க. ஆனா மனசுக்குள்ள இது நம்ம கட்சின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைப் பிடிக்கணும்" என்று சொல்லும்போது அவருடைய கை காற்றில் ஒரு ஈயைப் பிடிக்கும். ஈ எப்போதும் தப்பித்துவிடும், ஏனென்றால் அதைப் பிடிக்கச் சரியான வார்த்தை அவருக்குக் கிடைத்ததே இல்லை.

முதலில் கேள்வி இப்படி இருந்தது: 'நீங்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்?' கேட்ட உடனே பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். "நான் எதுலயும் சேரலீங்க, எங்கிட்ட எந்தக் கார்டும் கிடையாது" என்று சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சேர்ந்தவர் என்றால் ஏதோ போலீஸ் கேஸில் சேர்ந்தவர் மாதிரி ஆகிவிட்டது. புரொபசர் ஒரு மாதம் யோசித்து வார்த்தையை மாற்றினார்: 'நீங்கள் எந்தக் கட்சியோடு நெருக்கமாக இருக்கிறீர்கள்?' இது அதைவிட வினை. பேப்பரில் 'நெருக்கமான படங்கள் வெளியானது' என்று போடுகிறார்களே, சனங்களுக்கு அந்த நெருக்கம்தான் தெரியும். ஒரு வீட்டில் மாமனார் அக்காவைத் துரத்திக்கொண்டே வந்தாராம். "எங்க மருமகளைப் பாத்து யாரோட நெருக்கம்னா கேக்கறே? இதுக்கு ஒரு ஆபீசு வேற!" அக்கா தெருமுனை வரை ஓடி, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, குறிப்பில் எழுதியதாகப் பிறகு சொன்னார்: 'பதில் பெற முடியவில்லை. மாமனார் விரும்பவில்லை.'

இரண்டு தடவை சூடு பட்ட புரொபசர் மூன்றாம் தடவை யார் மேலும் படாத வார்த்தையாகத் தேடினார். 'எந்தக் கட்சி உங்களுக்கு அருகில் இருப்பதாக நினைக்கிறீர்கள்?' அடுத்த கேள்வி: 'எவ்வளவு அருகில்? மிக அருகில், ஓரளவு அருகில், அவ்வளவு அருகில் இல்லை.' பயிற்சி நாளில் இதைப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அக்கா கையைத் தூக்கினார். "சார், அருகில்னா..."

"அருகில்னா அருகில்தாம்மா. விளக்கம் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

அக்கா கையை இறக்கிக்கொண்டார்.

அந்த வருஷம் நாலாயிரம் ஃபாரம். அக்காவுக்கு விழுந்த இடங்களில் ஒன்று ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்து. நாற்பது வீடு, ஒரு தையல்கடை, ஒரு சைக்கிள் கடை, சந்தின் நடுவில் பச்சைக் கதவு போட்ட ஓர் அறை. அந்த அறைதான் சீப்புக் கட்சியின் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாம். சின்னம் சீப்பு. செயலாளர் தலையில் அதற்கு வேலையே கிடையாது. இந்த நகைச்சுவையைச் சொல்லிச் சொல்லிச் சந்துக்காரர்களுக்கே அலுத்துவிட்டது. கட்சியில் எத்தனை பேர் என்று கேட்டால் செயலாளர் 'பெருகிவருகிறோம்' என்பார். நாங்கள் அளந்த வரையில், வருஷா வருஷம் நாலாயிரம் பேரில் நாலு பேர்.

அக்கா சந்தை முடித்துக் கொடுத்த நாற்பது ஃபாரங்களை நான் தட்டத் தொடங்கினேன். சீப்பு, மிக அருகில். சீப்பு, மிக அருகில். சீப்பு, ஓரளவு. சீப்பு, மிக அருகில். முப்பத்துநாலு பேர் சீப்பு. எங்கள் ஊரில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒரே கட்சியாக இருந்து பங்காளிச் சண்டையில் பிரிந்தவை என்பதால் அண்ணன் கட்சி, தம்பி கட்சி என்றுதான் சொல்வோம். அந்த இரண்டையும் சந்தில் சீந்த ஆளில்லை. பத்தில் எட்டுக்கு மேல் ஒரே பதில் வந்தால் கட்டின்மேல் சிவப்புக் கோடு போட வேண்டும் என்று எனக்கு ஒரு விதி இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு அர்த்தம் இதுதான்: ஆள் வீடு வீடாகப் போகவில்லை, மர நிழலில் உட்கார்ந்து தானே நிரப்பிக்கொண்டார்.

நான் கோட்டைப் போட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும் என்பதால் சொல்கிறேன். அக்கா மேல் முதல் கறையை வைத்தது நான்தான்.

புரொபசர் அக்காவைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார், கோடு போட்டவன் என்ற முறையில். மேசைமேல் ஒரு தாள், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'உடல்நிலை காரணமாகச் சில வீடுகளுக்கு நேரில் செல்ல இயலவில்லை' என்று தொடங்கியது அது.

"அம்மா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு" என்றார் புரொபசர். இப்படித் தொடங்கினால் என்ன வரும் என்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இந்த நாப்பதை எடுத்து ஓரமா வெச்சிடலாம். வேலைக்கு ஒண்ணும் வராது. கொஞ்ச நாள் ஆபீசுக்குள்ளயே இருங்க, கோப்பு அடுக்குங்க."

"நான் போனேன் சார்."

"நீங்க போகலைன்னு யாரு சொன்னா? எல்லா வீட்டுக்கும் போகலைன்னுதான்..."

"எல்லா வீட்டுக்கும் போனேன். நாப்பதும் நான் கேட்டு, அவங்க சொல்லி, நான் எழுதினது. ஒரு வரி நானா எழுதினது கிடையாது. இந்த ஃபாரம்னு இல்ல சார், இருபத்தொரு வருஷமா."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். அன்று கிட்டத்தட்டக் காதிலேயே விழவில்லை. கோப்பு அடுக்குவது பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் கள்ள ஃபாரம் நிரப்பியவர் என்ற பெயர் எங்கள் தொழிலில் கடைசி வரை கூடவே வரும். அந்தப் பெயரோடு கேள்வியக்கா இன்னொரு வீட்டு வாசலில் நிற்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

புரொபசர் என்னைப் பார்த்து நியாயம் பேசினார். "நீங்களே சொல்லுங்க. இவங்க நாப்பது தப்புன்னா, நாப்பதோட போச்சு. இவங்க சரின்னா, அப்ப கேள்விதான் தப்புன்னு ஆகும். கேள்வி தப்புன்னா நாலாயிரமும் போச்சு. நாப்பது பெரிசா, நாலாயிரம் பெரிசா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் மாட்டிக்கொண்டதை நான் கண்டதில்லை. அக்காதான் கையோடு கொண்டு வந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பதினாலாம் பக்கம் சார். சந்தேகம் வந்தா மேலதிகாரி அதே வீட்டுக்குப் போயி அதே கேள்வியைக் கேக்கணும். கையெழுத்து வாங்கணும்னு எங்கேயும் போடலை."

பதினாலாம் பக்கத்தை எழுதியதும் புரொபசர்தான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்காமல், ஆபீசிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவருடைய வீட்டுக்காரர் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் மெக்கானிக். வாயால் ஒரு வேலை, கையால் ஒரு வேலை. கை மோட்டாரைப் பிரித்தது, வாய் அண்ணன் கட்சியைப் பிரித்தது. திருட்டுப் பயல்கள், உருப்படாத கூட்டம், முப்பது வருஷமாக ஒரு சாக்கடையை மூட வக்கில்லாதவர்கள். மூச்சு விடாமல் திட்டினார்.

"தம்பி, இவரு ஃபாரத்தை நான் ஒரு தடவை நிரப்பினேன்" என்றார் அக்கா, டீயை நீட்டிக்கொண்டே. "எந்தக் கட்சின்னு கேட்டேன். எந்த எழவும் இல்லைன்னாரு. எழவும்கிறதை விட்டுட்டு மீதியை எழுதினேன்."

"ஆமா, இல்லைதான்" என்றார் அவர் மோட்டாருக்குள்ளிருந்து.

"அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரரு வந்து, ஆமாங்க, அண்ணன் கட்சி மோசம்தாங்கன்னு இவருக்கு ஒத்து ஊதினாரு. அவ்வளவுதான். ரெண்டு மாசம் அவரோட பேச்சு வார்த்தை இல்லை."

"அவன் யாரு அதைச் சொல்ல?" மெக்கானிக் ஸ்பேனரை ஓங்கினார். "நான் திட்டுவேன். முப்பது வருஷமா ஓட்டுப் போட்டவன் நான். நேத்து வந்தவன் வாயி, அதுல நம்ம கட்சி நாறணுமா?"

நம்ம கட்சி என்ற சொல் அறைக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். அந்த இஸ்திரி முகத்தில் கண் மட்டும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"இவரை எந்தக் கட்டத்துல போடுவே தம்பி? உரிமையோட திட்டுறவங்களுக்கு உங்கிட்ட ஒரு எண் இருக்கா? நானா இருந்தா கேள்வியை வேற மாதிரி போடுவேன். எந்தக் கட்சி தோத்தா அன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது? அப்படிக் கேட்டா ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான். சார்கிட்ட ஒரு தடவை சொல்லியும் பாத்தேன். சாப்பாட்டை அளக்க முடியாதும்மான்னாரு."

"அக்கா, அந்தச் சந்துல நெஜமாவே எல்லாரும் சீப்பா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "நீ குறிப்பைப் படிக்கலையா?"

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்திருக்கும். பதில்களைக் கேட்டுப் பழகியவர், பதில் இல்லாததையும் படிக்கத் தெரிந்தவர். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஒருவரும் வருவதற்கு முன் ஆபீசுக்குப் போய், அந்த முப்பத்துநாலு ஃபாரத்தையும் கடைசிப் பக்கம் திருப்பினேன். அக்காவின் குண்டு குண்டான எழுத்து. 'கையை நீட்டிக் காட்டினார்.' 'ஜன்னல் வழியாகக் காட்டினார்.' 'படுத்திருந்தார், காலால் காட்டினார்.' 'எட்டு அடி என்றார், நடந்து காட்டினார்.' 'அவர்கள் மைக் போட்டால் தன் வீட்டு டம்ளர் ஆடுகிறது என்றார்.' 'மிக அருகில் என்றுவிட்டு, அதனால்தான் வீட்டை மாற்ற நினைப்பதாகச் சொன்னார்.' ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரி: 'அருகில் என்பதைத் தூரமாக எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கம் சொல்ல அனுமதி இல்லை.'

முப்பத்துநாலு தடவை எழுதியிருந்தார்.

புரொபசர் வந்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். "இதை அப்பவே ஏன் சொல்லலை?" என்று என்மேல் பாய்ந்தார். "குறிப்புக்குக் கட்டம் இல்ல சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே அசிங்கமான வாக்கியம் அது. ஆனால் பொய் இல்லை.

மூவரும் சந்துக்குப் போனோம். அக்கா பின்னால் நின்றுகொண்டார், விதிப்படி. புரொபசரே ஃபாரத்தைக் கையில் பிடித்துத் தையல்காரரிடம் படித்தார். எந்தக் கட்சி உங்களுக்கு அருகில் இருப்பதாக நினைக்கிறீர்கள்?

தையல்காரர் ஊசியை உதட்டிலிருந்து எடுத்தார். "நெனைக்கிறது என்ன சார், அதோ தெரியுது பாருங்க, பச்சைக் கதவு."

"எவ்வளவு அருகில்?"

"நாலு எட்டு. வேணும்னா டேப்பு தரேன், அளந்துக்குங்க."

புரொபசர் கேள்வியை இன்னொரு தடவை படித்தார், கொஞ்சம் அழுத்தி. தையல்காரர் இவருக்குக் காது மந்தமோ என்று உரக்கச் சொன்னார்: "நாலு எட்டு!" துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா மொட்டைமாடியிலிருந்து உதவிக்கு வந்தார்: "பாவம், வழி தெரியலை போல. ஏங்க, சீப்பு ஆபீசு இதோ இப்படியே போங்க." புரொபசருக்குக் கழுத்து வரை வேர்த்துவிட்டது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலிருந்து அக்கா மெல்லச் சொன்னார்: "விளக்கம் சொல்லக் கூடாது சார்."

கடைசியாகப் பச்சைக் கதவைத் தட்டினோம். சீப்புக் கட்சிச் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இவராவது ஒழுங்காகப் பதில் சொல்வார் என்று புரொபசர் நம்பிக்கையோடு கேட்டார். செயலாளர் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அருகில்னு பாத்தா அண்ணன் கட்சிதான் சார். நான் குடியிருக்கிறது மூணாவது தெரு. எதிர்வாசல்லயே அவங்க ஆபீசு."

திரும்பி வரும் வழியெல்லாம் புரொபசர் ஃபாரத்தால் விசிறிக்கொண்டே வந்தார். அவர் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலாயிரம் ஃபாரத்திலும் நாங்கள் அளந்தது எந்தத் தெருவில் எந்தக் கட்சி வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறது என்பதை. மற்ற தெருக்களில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஆபீஸ் இருந்ததால் பதில் பிரிந்து வந்தது, யார் கண்ணையும் உறுத்தவில்லை. அவ்வளவுதான்.

அக்கா ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சந்தோஷத்தில் பஸ்ஸில் அவருக்கும் சேர்த்து நான் டிக்கெட் வாங்கினேன்.

மறுநாள் காலை புரொபசர் முகம் தெளிந்து வந்தார். ராத்திரி தூங்கி எழுந்தவர் நாற்பதையும் காப்பாற்றி நாலாயிரத்தையும் காப்பாற்றும் வழி கண்டுபிடித்திருந்தார். "அம்மா, உங்க மேல சந்தேகப்பட்டது தப்பு. நானே போயி நானே கேட்டேன், அதே பதில்தான் வந்துச்சு. உங்க ஃபாரம் நாப்பதும் நூத்துக்கு நூறு உண்மை." கையெழுத்துக்கு வைத்திருந்த அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "ஆகவே நாப்பதையும் கணக்குல சேர்த்துடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

"சார், அவங்க சொன்னது தூரம்" என்றார் அக்கா.

"அவங்க சொன்னது பதில். அர்த்தம் நம்ம வேலை."

"கேள்வியையாவது மாத்திடுங்க சார்."

"மாத்தினா அடுத்த வருஷத்தோட எப்படி ஒப்பிடுறது? ஒரு தடவை அச்சடிச்சா அச்சடிச்சதுதாம்மா."

அந்த வாரப் பேப்பரில் வந்தது: சீப்புக் கட்சிப் பிடிப்பு ஒன்பதரை மடங்கு உயர்வு. பொய் இல்லை. நாலு பேர் முப்பத்தெட்டு ஆனார்கள், கணக்குச் சரி. சந்தில் வெடி வெடித்தார்கள். செயலாளர் நாலு பேட்டி கொடுத்தார். ஒன்பதரை மடங்கு வளர்ந்த கட்சிக்குச் சந்து அறை எப்படிப் போதும்? மெயின் ரோட்டில் இரண்டு மாடிக் கட்டடம் பிடித்து, பச்சைக் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதன்பின் வந்த தேர்தலில் அந்த வட்டாரத்தில் அவர்களுக்கு விழுந்த ஓட்டு பத்தொன்பது. செயலாளர் குடும்பத்திலேயே ஏழு ஓட்டு உண்டு.

அடுத்த வருஷம் அதே சந்து, அதே நாற்பது வீடு, அதே கேள்வி, அதே அக்கா. தையல்காரர் பூட்டிய கதவைக் கையால் காட்டி, "முன்ன இருந்துச்சு, இப்ப இல்லம்மா" என்று வருத்தத்தோடு சொன்னாராம். சீப்பு என்று ஒருத்தர் சொல்லவில்லை. மெயின் ரோடு எங்கள் பட்டியலில் இல்லை. முப்பத்தெட்டு மறுபடி நாலானது.

புரொபசர் துள்ளினார். இதற்காகவே பிறந்தவர் மாதிரி உட்கார்ந்து எழுதி, ஒரு பெரிய கூட்டத்தில் வாசித்து, புத்தகமாகவும் போட்டுவிட்டார். கட்சிப் பிடிப்பு ஒரே வருஷத்தில் கரைந்து போகும் அதிசயத்தைப் பற்றி நாற்பத்தாறு பக்கம். மனிதர்களின் விசுவாசம் இந்தக் காலத்தில் எப்படி அற்பமாகிவிட்டது என்று அதில் ஓர் அத்தியாயமே புலம்பியிருந்தார். முன்னுரையின் கடைசியில் நன்றி. அதில் அக்காவின் முழுப் பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதை அச்சில் பார்த்தது அன்றுதான். 'இந்த ஆய்வின் முக்கியமான ஃபாரங்களைச் சேகரித்தவர். இவருடைய நேர்மையை நானே நேரில் சோதித்து உறுதி செய்திருக்கிறேன்.'

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அக்காவிடம் காட்டினேன். மடையன், அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, மெதுவாக, அச்சடித்ததை அச்சடித்தபடி படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"கள்ள ஃபாரம் போட்டேன்னு சொன்னப்பகூட இவ்வளவு வலிக்கலை தம்பி" என்றார். "அப்ப அவரு சொன்னதுதான் பொய். நான் சுத்தமா இருந்தேன். இப்ப நான் எழுதின உண்மையை வெச்சு அவரு பொய் சொல்றாரு. அதுக்கு அடியில என் பேரு."

நான் தலையாட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார். தலையாட்டியதற்காகப் பார்த்தாரோ என்னவோ.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். ஊழியர் மனநிலை பற்றிய கணிப்பாம். வெளியில் அளந்து களைத்த புரொபசருக்கு உள்ளேயும் அளந்து பார்க்க ஆசை வந்துவிட்டது. பெயர் எழுத வேண்டாம், பயமில்லாமல் சொல்லலாம் என்று மேலே போட்டிருந்தது. அச்சுச் செலவு எதற்கு என்று பழைய ஃபாரத்திலேயே கட்சி என்ற சொல்லை எடுத்துவிட்டு நிறுவனம் என்று போட்டிருந்தார்கள். 'இந்த நிறுவனம் உங்களுக்கு எவ்வளவு அருகில் இருப்பதாக நினைக்கிறீர்கள்?' அதே மூன்று பதில். கடைசியில் அதே மூன்று புள்ளிக் கோடு.

எல்லோரும் 'மிக அருகில்' என்று போட்டோம். நானும்தான். பெயர் இல்லாத ஃபாரம் எங்கள் ஆபீசில் யாருடையது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

திங்கட்கிழமை அக்கா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அடையாள அட்டையும், கிளிப் போன பரீட்சை அட்டையும், விதிப் புத்தகமும் அவர் மேசைமேல் அடுக்கி வைத்தபடி இருந்தன. யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஊழியர் ஃபாரங்களை எண் தட்ட உட்கார்ந்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரே ஒரு ஃபாரத்தில் மட்டும் மூன்று. அவ்வளவு அருகில் இல்லை. குண்டு குண்டான எழுத்து.

இந்தத் தடவை கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். படித்தேன். எடுத்துக்கொண்டு புரொபசர் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு ஃபாரத்துல குறிப்பு எழுதியிருக்கு."

அவர் நிமிரவில்லை. "குறியீடு என்ன?"

"மூணு சார். ஆனா குறிப்புல..."

"மூணுன்னா மூணுன்னு போடுங்க. குறிப்புக்குத்தான் கட்டம் இல்லையே."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எண்ணைத் தட்டாமல் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். மூன்று கோட்டில் ஒன்றைத்தான் நிரப்பியிருந்தார்.

'முன்பு இரண்டு பஸ் தூரம். இப்போது அதைவிடத் தூரம்.'